கும்மிடிப்பூண்டியில் கேட்ட காப்பிப் பாட்டு

வாசகரே, அவைக்கு வணக்கம் சொல்லித் தொடங்குவது என் பழக்கம். இங்கே அவை இல்லை. நீங்கள் ஒருவரே இருக்கிறீர்கள். ஆகவே உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு எதுவும் நீங்கள் வழங்க வேண்டியதில்லை. நான் சொல்லப்போகும் மூன்று நாட்களைப் பொறுமையாகக் கேளுங்கள். முடிவில் ஒரு வாக்குறுதி வரும். அதை நான் மீறினால், 'நீ சொன்னதை நான் கேட்டேனே' என்று என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் வேண்டும்.

நான் சங்கரன்கோவில்காரன். பேச்சுதான் என் தொழில். இருபத்து நான்கு வயதுக்குள் முப்பத்தாறு பட்டிமன்ற மேடைகளைக் கண்டவன். 'சிறந்தவை பழைய பாடல்களா, புதிய பாடல்களா' என்று எந்த ஊரில் மன்றம் கூடினாலும் பழைய பாடல்களின் பக்கம் நின்று முழங்கியவன். என் பேச்சின் சிகரம் இரண்டே வரிகள்:

'வையத்தில் உன்போல் மங்கையும் இல்லை – என்
வாசல் விளக்கே, உனக்கிணை இல்லை!'

இவ்வரிகளைக் கல்லூரித் தமிழ் மன்றத்து மேற்கோள் ஏட்டிலிருந்து படியெடுத்தேன். பேச்சாளர்களிடையே இப்படிப்பட்ட ஏடுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பாட்டிலும் முதலிரண்டு அடிகளுக்கு மேல் அவற்றில் இராது. கைதட்டலுக்கு அவ்வளவே போதும் என்பது எங்கள் அனுபவம். வரிகளைச் சொல்வேன். மனத்துக்குள் மூன்று எண்ணுவேன். மூன்றாவது எண்ணிக்கையில் பந்தல் அதிரும். அந்த அதிர்வின் மேலேறி நின்று என் அறைகூவலை விடுப்பேன்: "பெண்ணைத் தெய்வமாகப் பாடிய காலம் அது! இன்றைய பாட்டில் என்ன இருக்கிறது? காப்பி இருக்கிறது, டம்ளர் இருக்கிறது! பழைய பாட்டு ஒன்றில் காப்பி உண்டென்று காட்டுங்கள். காட்டிய கணமே இந்த மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்!"

முப்பத்தாறு மேடைகளிலும் ஒருவரும் காட்டவில்லை.

முப்பத்தேழாவது மேடை கும்மிடிப்பூண்டியில் அமைந்தது. அங்குள்ள தொழிற்பேட்டைத் தொழிலாளர்களின் மனமகிழ் மன்றம் அழைத்திருந்தது. முதன்முறையாக நான் அணித் தலைவன். நடுவராக வரவிருந்தவரோ, பொங்கலன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் மன்றத்துக்குப் புதிய பேச்சாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஒருவன் நானாக வேண்டும் என்ற ஒரே நினைப்போடு மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சென்னையில் வந்து இறங்கினேன். மன்றம் ஞாயிற்றுக்கிழமை.

புறநகர் வண்டிகள் நிற்கும் நிலையத்தில் இரண்டு தொடர்வண்டிகள் அருகருகே நின்றன. எங்கள் ஊரில் ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான் வரும். அதில் ஏறினால் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். யாரையும் கேட்காமல் ஏறி அமர்ந்து, பேச்சை வாய்க்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கினேன். நெடுநேரம் கழித்து எதிரே பூக்கூடையோடு இருந்த பெண்மணி என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னாப்பா, தானா பேசிக்கினு வர? ஊட்ல எதுனா பேஜாரா?"

"இல்லை அம்மா. கும்மிடிப்பூண்டியில் ஒரு சொற்பொழிவு ஆற்ற இருக்கிறேன்."

"கும்முடிப்பூண்டியா? அட நைனா, இது திருவள்ளூர் வண்டி! பேசின் பிரிட்ஜ் தாண்டனதுமே லைனு பிரிஞ்சிபோச்சே. இதோ வேப்பம்பட்டு வந்துக்கினுக்குது."

சன்னலோரம் இருந்த ஒருவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "சொற்பொழிவுன்றாரு, ஏர்றப்போ வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கல பாரு."

பெட்டி முழுவதும் சிரித்தது. அதுவரை என் சொல்லுக்குத்தான் மக்கள் சிரித்திருக்கிறார்கள். என் மௌனத்துக்குச் சிரித்தவர்களை அன்றுதான் கண்டேன்.

திருவள்ளூரில் இறங்கிக் காலை உணவு உண்டேன். இங்கே அதை நாஷ்டா என்கிறார்கள். இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ள வடகறி என்று ஒன்று வந்தது. மசாலைக் குழம்பில் வடைகளை உதிர்த்துப் போட்டதுபோல் இருந்தது. வடை தவறி விழுந்துவிட்டதோ என்று ஐயுற்றுப் பரிமாறியவரைக் கேட்டேன். "சார் எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் மேலும் ஒரு கரண்டி ஊற்றினார். மூன்று இட்டிலி என்று தொடங்கியவன் ஏழில் நிறுத்தினேன்.

அங்கிருந்து பேருந்து. இரும்புச் சுருள் ஏற்றிய சரக்குந்து ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் சாலையின் குறுக்கே நின்றதால் முக்கால் மணி நேரம் வயல்வெளியில் காத்துக் கிடந்தோம். வண்டி நகர்ந்தபின் வயல்கள் குறைந்து புகைபோக்கிகள் முளைத்தன. வேப்பமரத்து இலைகளில் செந்துரு நிறத்தில் தூசு படிந்திருந்தது. எங்கள் ஊரின் கரிசல் காற்றுக்குப் பழகிய மூக்கு, இங்கே காய்ச்சிய இரும்பின் வாடையை நுகர்ந்து திகைத்தது.

கும்மிடிப்பூண்டியில் என்னை எதிர்கொண்டவர் மன்றத்தின் செயலாளர் ஏழுமலை. உருக்காலை ஒன்றில் பிட்டர். முதல் ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார். காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறை காயவில்லை. "லாட்ஜெல்லாம் வேணாம் சார், நம்ம ஊட்லயே தங்கிக்கலாம்" என்று என் பெட்டியைத் தம் மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டார்.

ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு பன்னிரண்டு வீடுகள் வரிசையாக நின்றன. நான்காவது வீட்டின் கதவு சாத்தியிருந்தது. ஏழுமலை கதவைத் தட்டவில்லை. பெயர் சொல்லியும் அழைக்கவில்லை. தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு, வாசலில் நின்று பாடினார்:

'வையத்தில் உன்போல் மங்கையும் இல்லை – என்
வாசல் விளக்கே, உனக்கிணை இல்லை!'

வாசகரே, எனக்கு மெய் சிலிர்த்தது. என் வரிகள்! அவற்றுக்கு ஒரு மெட்டு உண்டு என்பதே அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. உழைத்துக் களைத்த ஒரு தொழிலாளி தம் இல்லாளை இப்படி வணங்குகிறாரே, இதை ஞாயிறன்று மேடையில் சொன்னால் எவ்வளவு நேரம் கைதட்டுவார்கள் என்று நான் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோதே, அடுக்களையிலிருந்து ஒரு பெண்குரல் அதே மெட்டில் பதில் சொன்னது:

'காலையில் வந்தும் இதையே சொன்னீர் – சொல்லிக்
காப்பி இரண்டு டம்ளர் குடித்தீர்;
மாலையில் பாட மறுபடி வந்தீர் – இந்த
மங்கைக்கு மண்டிதான் மிச்சம் வைத்தீர்!'

கதவு திறந்தது. ஏழுமலையின் மனைவி ரோசி ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி நின்றார். "வாங்க சார். இன்னாய்யா, சாரு மூஞ்சி இப்டிக் கீது? வெயில்ல சுத்திக் காட்னியா?"

நான் வாசற்படியிலேயே நின்றேன். "அம்மா, இப்போது நீங்கள் பாடியது என்ன?"

"பாட்டு சார். அவரு பாடனதுக்குப் பதிலு."

"அது இடைச்செருகல்."

"அப்டின்னா?"

"மூலப் பாட்டில் இல்லாததைப் பிற்காலத்தில் யாரோ வேடிக்கைக்காகச் சேர்த்திருக்கிறார்கள்."

ரோசி கணவரைப் பார்த்தார். கணவர் மொபெட்டைப் பார்த்தார். "யாரும் சேக்கல சார்," என்றார் ரோசி. "பாட்டு பிளேட்லயே அப்டித்தான் கீது. எங்கம்மா கல்யாணத்துக்கே அந்த பிளேட்டுதான் போட்டாங்க."

காப்பி வந்தது. ஏழுமலை தம் டம்ளரில் பாதியை வேறொரு டம்ளரில் ஊற்றி ரோசியின் பக்கம் நகர்த்திவிட்டே வாயில் வைத்தார். வீட்டில் பால் குறைவோ என்று நினைத்தேன். அடுப்பின் மேல் பால் நிறையவே இருந்தது.

என் பார்வையைக் கண்டு ஏழுமலை விளக்கினார். "இது இந்த லைன் வீடுங்கள்ல ஒரு பழக்கம் சார். டூட்டி முடிச்சி யாரு வர்றாங்களோ, அவுங்க முதல் அடி பாடணும். ஊட்ல கீறவங்க பதில் பாடுவாங்க. அப்பால, பாடனவங்க பாதி காப்பி ஊத்தி வெச்சிடணும். மண்டி இல்லாம."

"ரோசி அம்மாவும் பணிக்குப் போகிறாரா?"

"போவுது சார். அதுக்கு ரெண்டாவது ஷிப்டு வர்ற வாரம் நான் காப்பி போடணும், அது வாசல்ல நின்னு என்ன 'மங்கை'ன்னு பாடும். தெருவே சிரிக்கும்."

அவர் சொல்லி முடிக்கவில்லை. அடுத்த வீட்டு வாசலில் ஒரு பெண்குரல், மூச்சு வாங்க, 'வையத்தில் உன்போல்' என்று தொடங்கியது. உள்ளிருந்து கட்டைக் குரலில் ஓர் ஆண், 'காலையில் வந்தும் இதையே சொன்னீர்' என்று பதில் தந்தான். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இவ்வளவும் தெரிந்திருந்தும் என்னை எதற்கு அழைத்தீர்கள்?" என்றேன்.

ஏழுமலைக்கு முகம் மலர்ந்தது. "உங்க பேச்சு விசிடி ஒண்ணு கேண்டீன்ல போட்டோம் சார். நம்ம பாட்ட நீங்க சொன்னதும் எல்லாரும் சாப்பாட்ட வுட்டுட்டு எழுந்து நின்னாங்க. கைத்தட்றதோட விசிடி கட்டாயிடிச்சி. ஏன் பாதில நிறுத்தனாருன்னு ஒரே சண்ட. 'அவருக்குத் தெரியாது'ன்னான் ஒருத்தன். 'யோவ், அவரு இன்னா படிச்சவரு! டைமு பத்தியிருக்காது'ன்னேன் நானு. முழுசா சொல்லட்டும்னுதான் சார் கூப்ட்டோம்."

கைதட்டலுக்குப் பின் வரும் என் அறைகூவலை அவர்கள் கேட்டதே இல்லை! அது எனக்கு ஆறுதலா, கூடுதல் அச்சமா என்று தீர்மானிக்க முடியாமல் அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே படுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. மூலத்தைக் காணாமல் முடிவுக்கு வரக் கூடாது என்பது சொற்போரின் விதி. இசைத்தட்டு மீஞ்சூரில் மஸ்தான் பாயிடம் இருக்கிறது என்றார் ஏழுமலை. இம்முறை கும்மிடிப்பூண்டி நிலையத்தில் மூன்று பேரிடம் விசாரித்துவிட்டே வண்டியேறினேன். மூன்றாமவர், "ஒரே லைனு சார், ஏறு சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மஸ்தான் பாய்க்கு நாற்பது வயதிருக்கும். பழவேற்காட்டு வணிகக் குடும்பம். இப்போது மீஞ்சூரில் ஒலிபெருக்கிக் கடை. ஆளுயர ஒலிப்பெட்டிகளுக்கு நடுவே இரண்டு கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மன்றத்துக்கும் அவர்தான் மைக் செட்.

"காப்பிப் பாட்டா? ஒக்காருங்க சார்," என்று தேநீரும் சமோசாவும் வரவழைத்தார். "எங்க ஊட்ல எல்லாரும் டீ தான். பாட்டு மட்டும் காப்பி. எங்க வாப்பா, கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, சர்ச்சுல தேரோ, எதுன்னாலும் பந்தி முடிஞ்சதும் இந்த பிளேட்டுதான் போடுவாரு. சமையக்காரனுக்கு சிக்னலு. பாட்டு கேட்டா காப்பி எறக்குவான். அதான் இங்க கைக்குழந்தைக்கும் இது தெரியும்."

பழுப்பு உறையிலிருந்து கறுத்த தட்டு ஒன்றை எடுத்தார். நடுவிலிருந்த ஒட்டுத்தாள் தேய்ந்து, பாடியவர் பெயர் அழிந்திருந்தது. ஊசி இறங்கியது. முதலில் மழை பெய்வது போன்ற இரைச்சல். அடுத்து ஓர் ஆண்குரல், கம்பீரமாக, என் இரண்டு வரிகளைப் பாடியது. நான் நிமிர்ந்து அமர்ந்தேன். தொடர்ந்து பெண்குரல் வந்தது. காலை, காப்பி, மாலை, மண்டி எல்லாம் அதே வரிசையில் வந்தன. ஒவ்வொரு அடியின் முடிவிலும் அந்த அம்மையாருக்குச் சிரிப்பு வேறு.

ஆண் மறுமொழி சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவளே பாடினாள். கொட்டை வறுத்தது யார், அரைத்தது யார், பால் தேடிப் போனது யார் என்று அடுக்கினாள். தட்டு முடியும் வரை அவளேதான். அந்த ஆணுக்கு முழுப் பாட்டிலும் இரண்டே வரிகள். முப்பத்தாறு மேடைகளில் நான் வீசியவை அந்த இரண்டு வரிகள்!

"இன்னொரு தரம் போடவா?" என்றார் பாய்.

"வேண்டாம்," என்றேன். அறைகூவலைப் பற்றியும் நடுவரைப் பற்றியும் பொங்கல் நிகழ்ச்சியைப் பற்றியும் அவரிடம் மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு, இன்றும் எழுதக் கூசும் அந்த வேண்டுகோளையும் வைத்தேன். "நாளை மட்டும் இந்தத் தட்டைப் போடாதீர்கள், பாய்."

அவர் தட்டை எடுத்து உறையில் இட்டார். "சரி சார், போடல. பிளேட்ட நான் உறைல வெச்சிப் பூட்டிடலாம். ஜனங்க வாய எந்த உறைல வெக்கறது?"

மாலை கும்மிடிப்பூண்டி திரும்பியதும் வீட்டுக்குக் கைப்பேசியில் பேசினேன். என் வீட்டில் அப்பா, இரண்டு அண்ணன்கள், நான். காலையில் எங்கள் நால்வருக்கும் காப்பி வரும். அப்பாவுக்கு இருமுறை வரும். அம்மாவின் கையில் டம்ளரைப் பார்த்த நினைவு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

"அம்மா, காலையில நீ என்ன குடிப்ப?"

"என்னல கேக்க திடீர்னு?"

"சொல்லும்மா."

"நீங்கள்லாம் குடிச்ச பெறவு, பில்டர்ல இருக்க பொடிலயே கொஞ்சம் வெந்நி ஊத்தி எறக்கிக் குடிப்பேன். ஏம்ல, மேலுக்குச் சொகமில்லையா? காச்சல் அடிக்கா?"

"இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதே அம்மாவைத்தான் ஒவ்வொரு மேடையிலும் பெயர் சொல்லாமல் 'வாசல் விளக்கே' என்று அழைத்ததாக நான் பெருமைப்பட்டிருந்தேன்.

மூன்றாம் நாள், ஞாயிறு. தொழிற்பேட்டை விளையாட்டுத் திடலில் மாலை நாலரை மணிக்கே கூட்டம் நிரம்பிவிட்டது. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். பலர் சீருடையோடு வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் ரோசி, காலடியில் பெரிய பித்தளைத் தூக்கோடு. மேடையின் ஓரத்தில் மஸ்தான் பாய். நிகழ்ச்சிக்கு முன்னர் அவர் என்னென்னவோ பாடல்கள் போட்டார். அந்தத் தட்டைப் போடவில்லை.

நடுவர் ஐயா கையில் குறிப்பேட்டுடன் எழுந்தார். என்னை அறிமுகம் செய்தபோது அவர் சொன்ன சொற்கள் இவை: "இந்த இளைஞரிடம் இரண்டு வரிகள் இருக்கின்றன. அவற்றை அடுத்து ஓர் அறைகூவல் இருக்கிறது. பழைய பாட்டில் காப்பி உண்டென்று காட்டினால் மேடையை விட்டே இறங்கிவிடுவாராம்! எங்கே, அந்த வரிகளோடு தொடங்குங்கள் தம்பி!"

அவர் எனக்குச் சிறப்புச் செய்வதாகவே எண்ணினார். ஆனால் திடல் முழுவதும் ஒரு சலசலப்பு ஓடி உடனே அடங்கியது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஏழுமல, இன்னாப்பா இது, இங்க வந்து இத்தச் சொல்றாரு?" என்றது. "உஸ்!" என்று இருபது பேர் அதை அடக்கினார்கள்.

ஒலிவாங்கியைப் பற்றினேன். வரிகளைச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, பயிற்சி அப்படி. மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன்.

ஒன்று. பெண்கள் பக்கம் பதிலைப் பாடிவிடும் என்று காத்திருந்தேன்.

இரண்டு. பாடவில்லை. ரோசி உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு, பக்கத்துப் பெண்ணின் முழங்கையைப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக எல்லா வாய்களும் மூடியிருந்தன. சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். யாரும் என்னை நேராகப் பார்க்கவில்லை.

மூன்று.

வாசகரே, எத்தனையோ வகை மௌனங்களை நான் மேடையில் சந்தித்திருக்கிறேன். பதில் தெரிந்த ஒரு திடல், விருந்தாளியின் மானத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றதை அன்றுதான் கண்டேன். காலமெல்லாம் காலையும் மாலையும் சொல்லிவந்த பதிலை அந்தப் பெண்கள் எனக்காக விழுங்கினார்கள். மீண்டும் அவர்களுக்கு மண்டியே மிச்சம். இம்முறை அதை வைத்தவன் நான்.

"நடுவர் அவர்களே," என்றேன். "இது பாட்டில் பாதிகூட இல்லை. மீதியை நான் சொல்கிறேன்."

நான் பாட்டுக்காரன் அல்லன். இருந்தும் மெட்டோடுதான் தொடங்கினேன். 'காலையில் வந்தும்' என்ற இடத்திலேயே சுருதி தப்பியது. "ஐயோ சார், இப்டி இல்ல!" என்று ரோசி இருந்த இடத்திலேயே எழுந்து நின்று எடுத்துக்கொண்டார். 'காப்பி' என்ற சொல் வந்தபோது பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்தது. 'மண்டி' என்றபோது ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். விசில் பறந்தது. எதிரணித் தலைவி மேசையில் முகம் புதைத்துச் சிரித்தார். நடுவர் ஐயா நேரம் முடிந்ததற்கு அடிக்கும் மணியைக் கையில் எடுத்தவர், அடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டு முடிந்ததும் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மரப்படிகள் ஐந்தையும் இறங்கித் திடலின் மண்ணில் நின்றேன்.

"தம்பி, விளையாட்டுக்குச் சொன்னது அது. மேலே வாருங்கள்!" என்றார் நடுவர்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஐயா."

அவர் குறிப்பேட்டில் எதையோ எழுதினார், அல்லது அடித்தார். அந்தப் பொங்கலன்று தொலைக்காட்சியில் என்னை யாரும் பார்க்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அணியின் எஞ்சிய இருவரும் தலைவன் இல்லாமலே வாதாடினார்கள், தோற்றார்கள், என்னை மன்னிக்கச் சில மாதங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அது பின்னர். அப்போது நான் மண்ணில் நின்றுகொண்டிருந்தேன். ரோசி தூக்கைத் திறந்து, டம்ளர் நிறையக் காப்பி ஊற்றி நீட்டினார். "முதல் அடி சொன்னீங்கல்ல சார். அப்போ இன்னா செய்யணும்?"

"பாதி!" என்று பின்வரிசை கத்தியது. "பாதி ஊத்து தலைவா! மண்டி இல்லாம!"

இன்னொரு டம்ளர் வாங்கி மேலாகப் பாதியை ஊற்றி ரோசியிடம் கொடுத்தேன். கொஞ்சம் சிந்தியது. ரோசி அளவு பார்த்துவிட்டு, "எங்காளு ஊத்தறதவுட ஜாஸ்தியாத்தான் கீது," என்றார். ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குள் மஸ்தான் பாய் ஒலிவாங்கியின் வடத்தை நீளமாக இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். "மேடைய வுட்டுத்தான சார் எறங்கறேன்னீங்க. மைக்க வுடறேன்னு சொல்லலியே," என்று அதை என் கையில் திணித்தார். "எதுனா சொல்லிட்டுப் போங்க."

முப்பத்தாறு மேடைகளின் பயிற்சி அந்தக் கணத்தில் எனக்கு ஓர் அடைமொழியைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய், திடலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"ஒரு பெண்ணைப் புகழும் வரியை, அவள் சொன்ன பதிலைக் கேட்காமல், இனி எந்த மேடையிலும் சொல்ல மாட்டேன். நாளை மறுநாள் காலை சங்கரன்கோவிலில், எங்கள் வீட்டில், முதல் டிகாக்‌ஷனை நான் இறக்கி, முதல் டம்ளரை என் அம்மாவுக்குக் கொடுப்பேன். அவர் அதைக் குடித்து முடிக்கும் வரை வாயைத் திறக்க மாட்டேன்."